வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆய்வகப் பணியைக் குறித்து ஆற்றிய உரையின் சுருக்கம்)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற வாலிபர் பலர் வெளி மாநிலத்தவர். ஒரே அறையில் பலர் தங்கி, ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள். அத்தண்ணீரில் டைபாய்டு கிருமி கலந்தால் பலரும் படுத்துவிடுவார்கள். காய்ச்சல் கண்டவரோ கூலியை இழக்க மனதில்லாமல், மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார். காய்ச்சல் முற்றியபின்தான் மருத்துவமனைக்கு வருகிறார். மாத்திரை போட்டபின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். ஆகவேதான், "முதலில் இரத்தம், பிறகு மருந்து" என்கிறோம்.

இரத்தத்தைக் கல்ச்சர் குப்பியில் விட்டால், கிருமி வளர ஓரிரு நாள் ஆகும். வளர்ந்ததை முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் பரவலாகத் தடவி, மருந்தேற்றிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறோம். 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு இருக்கும். மருந்து கேட்கிற கிருமியானால், வில்லையைச் சுற்றி வெறுமையான வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளக்கிறோம். பாவர், கிர்பி ஆகியோர் 1966இல் ஒழுங்குபடுத்திய முறை இது.

அளந்தால் மட்டும் போதாது. டைபாய்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வட்டம் 21 மி.மீ. இருந்தாலே முன்பு நல்லது என்று எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆகவே 2012இல் அந்த அளவு 31 ஆக உயர்த்தப்பட்டது. பழைய அட்டவணையை வைத்திருக்கும் ஆய்வகம் இன்றும் தவறான மருந்தையே காட்டும்.

குளிர்ச்சியில் வைக்காத வில்லை வீரியம் இழக்கும். வட்டம் சிறுத்து, நல்ல மருந்தும் பயனற்றதாகத் தோன்றும். ஏழை நோயாளி வீணாக விலையுயர்ந்த ஊசிக்குப் போவார். எனவே, குணம் தெரிந்த கிருமியைக் கொண்டு வில்லைகளை அடிக்கடி சோதிக்கிறோம்.

1972இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகால் மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. பிற்பாடு அம்மருந்தின் உபயோகம் குறைந்தது. இன்று நம் நாட்டு டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அதே மருந்துக்கு மறுபடியும் அடங்குகின்றன. சோதித்துப் பாராமல் இதை யார் அறிவார்?

ரிப்போர்ட் வர மூன்று நாள் செல்லும். அதுவரை டாக்டர் தக்க மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்ததும் தேவையானால் மாற்றுவார். உங்களில் தொழிற்சாலை நடத்துகிறவர்கள் உண்டு. வேலையாளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கூலியோடு அனுப்பி, இரத்தம் கொடுக்கச் செய்யுங்கள். அந்த ஒரு நாள் அவருடைய பல வாரங்களைக் காப்பாற்றும்.