இருளில் எழுந்த நகரம்

படக்கதை சிறுவர்க்கு மட்டுமே உரியது என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஜப்பானியரான கெந்தாரோ மியூரா 1989-இல் தொடங்கிய 'பெர்செர்க்' அவ்வெண்ணத்தை மாற்றிற்று. குருதியும் கொடுமையும் மிக்க கதை அது. இளஞ்சிறார் கையில் நான் கொடுக்கமாட்டேன்.

தூக்கிலிடப்பட்ட தாயின் உடலினின்று பிறந்தவன் கட்ஸ் என்னும் வீரன். அவனுடைய தலைவன் கிரிஃபித். தனக்கென ஓர் அரசு வேண்டும் என்பதே அத்தலைவனின் கனவு. சிறையில் ஓராண்டு வதையுண்டு, நாவும் நரம்பும் அறுபட்டு, நம்பிக்கை அற்ற வேளையில், தன்னை மீட்டுவந்த தோழர்களையே தீய சக்திகளுக்குப் பலியிட்டு அவன் ஆற்றல் பெறுகிறான். பின்னர் ஃபால்கோனியா என்னும் ஒளிநகரம் எழுகிறது. வெளியே அரக்கர் உலவ, உள்ளே மக்கள் அச்சமின்றி உறங்குகின்றனர். இங்கேதான் ஆசிரியர் நம்மைத் திகைக்கவைக்கிறார். அந்நகரம் பொய்யன்று, அடைக்கலம் தேடி வந்தவர்க்கு அங்கே உண்மையாகவே இடமுண்டு. அதன் அடித்தளத்தில் கிடப்போரை அவர்கள் அறியார். அறிந்தால் வெளியேறுவார்களா? நான் வெளியேறுவேனா? உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

கட்ஸ் எந்த நகரத்தையும் எழுப்பவில்லை. பலியினின்று தப்பிய கஸ்கா என்பாளின் கலங்கிய மனம் தெளியவேண்டும் என்று அவளை நெடுவழி அழைத்துச் செல்கிறான். அவன் நம்பிக்கை அவ்வளவே.

மியூரா 2021-இல், 54 வயதில், கதை முடியுமுன் மறைந்தார். முடிவை அவர் வாய்மொழியாகக் கேட்டிருந்த பள்ளித் தோழர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவி ஓவியர்கள் 2022-இல் மீண்டும் வரையத் தொடங்கினர்.