தட்டுக்கு அடியில் ஐந்து பவுண்டு

இன்று நான் பேசப்போவது சின்ன விஷயம்தான்: டிப்ஸ்.

போன மாதம் இங்கே ஹரோவில், ஒரு தமிழ் உணவகத்தில் குடும்பமாகச் சாப்பிட்டோம். பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. பரிமாறிய பையன் படிக்க வந்தவன். "தம்பி, இந்தப் பணம் உங்களுக்கு வருமா?" என்று கேட்டேன். அவன் முதலில் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "தெரியாதுக்கா" என்றான். ஐந்து பவுண்டு நோட்டைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். வீடு வந்தும் மனசு ஆறவில்லை.

நான் நர்ஸ். மிகச் சிறியவற்றைத் தவிர எந்த அன்பளிப்பையும் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனில் எங்கள் நடத்தை விதி. அதன் அருமை எனக்கு ஊரிலேயே தெரியும். டிப்ளமோ படித்த காலத்தில், பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் வாங்கவே ஆயாம்மாவுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவரை மனசுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கூலி குறைகிற இடத்தில்தான் இனாம் கட்டாயமாகிறது. கொடுக்க முடியாதவருக்கு அது அவமானம், வாங்குகிறவருக்கும் அவமானம்தான்.

இந்த நாட்டிலும் 2009 அக்டோபர் வரை, சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸைக் காட்டியே குறைந்தபட்சக் கூலியை நிரப்ப முதலாளிகளால் முடிந்தது. நாம் அன்பாகக் கொடுத்தது அவர்களுடைய சம்பளச் செலவைக் குறைத்தது. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. டிப்ஸ், சேவைக் கட்டணம் இரண்டையும் முதலாளி தனக்கென எதுவும் பிடிக்காமல், அடுத்த மாத முடிவுக்குள் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும். ஊழியர் கணக்குக் கேட்கலாம்.

கேட்கலாம். ஆனால் விசாவும் வாடகையும் கழுத்தில் தொங்கும்போது யார் கேட்பார்?

அன்று நானும் ஒரு தவறு செய்தேன். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையனிடம் கேட்டேன். கல்லாவில் கேட்டிருக்க வேண்டும். "இதை ஊழியர்களுக்கு எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று சாப்பிட வந்தவர் கேட்டால் அவருக்கு வேலை போகாது. சரியான பதில் வராவிட்டால் அந்தக் கட்டணத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதே தொகையைப் பரிமாறியவர் கையில் கொடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அதே உணவகத்துக்குப் போகிறோம். இந்த முறை கல்லாவில் நானே கேட்கப்போகிறேன்.