பள்ளிப் பிள்ளைகளும் பழிச்சொற்களும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டுவிட்ட நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சொல் காதில் விழுந்தாலும், அதற்கு நேரான சொல் பிறிதொரு மொழியில் யாது என்று மனம் தேடத் தொடங்கிவிடும். பேருந்தில் கேட்ட வசவாயினும் அதற்கு விலக்கில்லை. அவ்வாறு தேடக் கிடைத்த இரண்டு சொற்களைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

தில்லியில் நாம் வாழும் அரசினர் குடியிருப்பில், எதிர்வீட்டில் இருப்பது மணிப்பூரைச் சேர்ந்த ஓர் அலுவலர் குடும்பம். அவர் மகனும் நம் மகனும் ஒரே பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கின்றனர். அப்பிள்ளை புங் என்னும் மேளத்தைப் பயின்றவன். மணிப்பூரில் வைணவ மக்களின் சங்கீர்த்தனத்திற்கு உயிர்நாடியாக விளங்குவது அம்மேளம். வெள்ளை வேட்டியும் வெள்ளைத் தலைப்பாகையும் அணிந்த ஆடவர், அதைத் தோளிலிருந்து தொங்கவிட்டு, வாசித்துக்கொண்டே துள்ளிச் சுழன்று ஆடுவர். தாளம் ஓரிடத்தில் மழைத்தூறல்போல் மெலியும். அடுத்த கணமே இடியாக முழங்கும். அதற்கு வேண்டிய உடல்வலிமையைக் கண்டோர் அறிவர். யுனெஸ்கோ நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் அந்தச் சங்கீர்த்தனத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

பள்ளி ஆண்டுவிழாவில் அப்பிள்ளை இதனை ஆடிக் காட்டினான். பெற்றோர் வரிசையில் அமர்ந்திருந்த நாமும் கை வலிக்கத் தட்டினோம்.

அடுத்த வாரம் ஒரு மாலை வேளையில், மாடியிலிருந்து பிள்ளைகளின் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சக்கா, சக்கா" என்று கூச்சல் எழுந்தது. இந்தியில் அச்சொல் ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும்; ஆறு ஓட்டம் அடித்தாலும் அவ்வாறே கூவுவர். யாரோ நன்றாக அடித்துவிட்டான் என்று மகிழ்ந்து எட்டிப் பார்த்தோம். பந்து இன்னும் வீசப்படவே இல்லை. வீசுபவன் கையில்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை மட்டையை ஊன்றித் தலைகுனிந்து நின்றான். கூவியவர்களுள் ஒரு குரல் நமக்கு மிக நன்றாகத் தெரிந்த குரல்.

ஆடவனாய்ப் பிறந்தும் நடையிலோ பேச்சிலோ பிறர் வரையறுத்த ஆண்மைக்குள் அடங்காதவனைப் பழிக்க வடநாட்டில் வழங்கும் சொல் அது. தமிழில் அதற்கு நேர் யாது என்று மனம் தேடிற்று. விடை கிடைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. நாம் படித்த தமிழ்நாட்டுப் பள்ளியில், ஆசிரியர் வாய்பாடு சொல்லி மும்மூன்று ஒன்பது என்னும்போதெல்லாம் கடைசி வரிசை சிரிக்கும். ஒரே ஒரு மாணவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நாமும் சிரித்திருக்கிறோம். வடக்கே ஆறு, தெற்கே ஒன்பது. எண்தான் மாறுகிறது.

மகனை அழைத்துக் கேட்டோம். அப்பிள்ளையை அவர்கள் இரண்டு பெயரால் அழைப்பது தெரியவந்தது. ஒன்று மேற்சொன்னது. மற்றொன்று, கண்ணையும் மூக்கையும் வைத்துச் சீனன் என்னும் பொருள்பட வடகிழக்கு மக்களை இழித்துச் சொல்லும் 'சிங்கி'. முகத்தைப் பழித்து அலுத்தபோது ஆட்டத்தைப் பழித்திருக்கிறார்கள். "எல்லோரும்தான் சொல்கிறார்கள் அப்பா. நான் சொல்லாமலிருந்தால் என்னையும் அவனோடு சேர்த்துவிடுவார்கள்" என்றான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனையே 'மதராசி' என்று கேலி செய்து, உணவுப் பெட்டியை ஒளித்துவைத்தார்கள்; அழுதுகொண்டு வீட்டிற்கு வந்தான். அந்த வரிசையிலிருந்து நழுவ இடம் கிடைத்ததும் நழுவியிருக்கிறான். அவன் சொன்னது பொய்யன்று என்பதுதான் நம்மை வாயடைக்கச் செய்தது.

வகுப்பாசிரியரைக் கண்டு பேசினோம். பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். நல்லவர்தாம், ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர். ஆயினும் விளையாட்டு என்று அவர் சொன்னதை நம்மால் ஏற்க இயலவில்லை. 2014 ஜனவரியில் இதே தில்லியில், அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவரின் தலைமுடியைக் கண்டு கடைத்தெருவில் கேலி செய்ததில் தொடங்கிய சண்டை, அவர் அடிபட்டு இறப்பதில் முடிந்தது. அதன் பின் நடுவணரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017-இல் அது குறித்து ஒரு துணைநூலும் வெளியாயிற்று. நம் மகனின் புத்தகப்பையில் அதைக் காணோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 'சிங்கி' என்று பழங்குடியினரை இழித்துரைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என உள்துறை அமைச்சகம் 2012-இல் அறிவுறுத்தியது. எதிர்வீட்டார் மெய்தெய் வகுப்பினர். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர். இழிசொல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சட்டத்தின்முன் நிறுத்துவதும் நம் விருப்பமன்று.

மற்றச் சொல்லின் வழக்கு இன்னும் கடினமானது. தன்பாலீர்ப்புக் குற்றமன்று என உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று நமக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் ஐம்பது பேர் உள்ள வகுப்பில், அவ்வகையான பிள்ளை ஒருவன் வாய்திறவாமல் அமர்ந்து இக்கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடுமன்றோ? யுனெஸ்கோவின் தில்லி அலுவலகம் தமிழ்நாட்டில் பாலினச் சிறுபான்மை இளைஞர்களிடையே நடத்தச் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 60 பேர் நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளியில் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டோர் நூற்றுக்கு 18 பேரே. விளையாட்டுப் பேச்சு என்னும் மறுமொழி கிடைக்கும் இடத்தில் யார்தான் முறையிடுவர்?

இத்தகையோரை மதிப்போடு குறிக்கத் தமிழில் சொற்கள் இல்லை என்று சாக்குச் சொல்லவும் இனி வழியில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் விளைவாக, தமிழ்நாடு அரசு அத்தகைய சொற்பட்டியலை 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அதைக் கண்டு மகிழ்ந்தோம். அரசிதழ் விளையாட்டு மைதானத்தை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகுமோ!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் தானாகவே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். நாம் அனுப்பவில்லை, மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவே. அப்பிள்ளையின் தாயார் கதவைத் திறந்து உள்ளே அழைத்தார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தவன், "மன்னிப்புக் கேட்டேன், அவன் ஒன்றும் சொல்லவில்லை" என்றான். சிறிது நேரம் சென்றபின், மேளத்தைத் துணியால் சுற்றி அலமாரியின்மேல் வைத்துவிட்டார்கள் என்றும் கூறினான். முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்குச் சுவருக்கு அப்பாலிருந்து அந்தத் தாளம் கேட்கும். இன்றுவரை மீண்டும் கேட்கவில்லை.