அப்படியா? எப்படி?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் அதிகமில்லை. அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னை எஞ்சினியரிங் படிக்க வைக்க வீட்டில் வாதாடியவர். முதல் செமஸ்டர் பீஸ் கட்டியவரும் அவர்தான். சில வருடங்களுக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாம், நாசாவே வியக்கிறதாம். உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஒரு தலைமையாசிரியரே இதை நம்பலாமா?" என்று முப்பது பேர் பார்க்க எழுதிவிட்டேன். அவர் பதில் எழுதவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது "வாப்பா" என்றதோடு சரி. நான் சொன்ன விஷயம் சரிதான். சொன்ன விதம் தப்பு.

மறுநாள் காலை திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்களே கணக்குப் பாருங்க பெரியப்பா" என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர். அந்த வேகம் இருப்பதால்தான் அது விழாமல் சுற்றுகிறது. நின்றுவிட்டால் மறுபடி அந்த வேகத்தை யார் கொடுப்பது?

"டிவி செயற்கைக்கோள் மட்டும் ஒரே இடத்துல நிக்குதே?" என்று மடக்கினார். நல்ல கேள்வி! அது சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கதியில் சுற்றுவதால் நிற்பதுபோல் தெரிகிறது. அதுவும் பூமத்திய ரேகைக்கு மேலேதான். திருநள்ளாறோ ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது.

கொஞ்ச நேரம் யோசித்தவர் சிரித்தார். "சாமி கும்பிட நாசா சர்டிபிகேட் எதுக்குடா? சரி, நீ அனுப்பினியே, தீபாவளி ராத்திரி விண்வெளியில எடுத்த இந்தியா படம்... அதுல ஊருக்கு ஊர் வேற வேற கலரா இருக்கே, ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். அது ஒரே இரவில் எடுத்த படமே அல்ல. நகரங்கள் வளர்வதைக் காட்ட, 2003 வரையிலான பல வருட இரவு வெளிச்சத்தை நிறம் பிரித்துச் சேர்த்த படம். 2012 தீபாவளியின்போது எடுத்த உண்மையான படத்தையும் நாசா வெளியிட்டிருக்கிறது. அதில் வழக்கமான வெளிச்சம்தான்; பண்டிகையின் கூடுதல் வெளிச்சம் விண்ணிலிருந்து தெரிவதில்லை. எஞ்சினியர் என்ற நினைப்பில் நான் கேட்கத் தவறிய கேள்வியை எழுபது வயதுக்காரர் கேட்டுவிட்டார்!

அன்றே அதே குழுவில், அதே முப்பது பேர் பார்க்க, என் தவறையும் எழுதினேன். பெரியப்பாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

தம்பி தங்கைகளே, எந்தச் செய்தி வந்தாலும் "அப்படியா?" என்பதோடு விடாமல் "எப்படி?" என்றும் கேளுங்கள். நமக்குப் பிடித்த செய்தியென்றால் இரண்டு தடவை கேளுங்கள். அடுத்தவரைத் திருத்துவதென்றால் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் பிழையென்றால் சபையில் சொல்லுங்கள்.