நான் அவனில்லை: பழையதும் புதியதும்

(தா.பழூர்ப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



சினிமாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி இவ்வூர் வாலிபர்கள் கேட்டுக் கொண்டார்கள். சினிமாவுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பத்துப் புராணிகர்கள் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு படம் ஒரே இரவில் செய்து விடுகிறதே, அதைப் பேசாமல் வேறெதைப் பேசுவது?

1974இல் வந்த "நான் அவனில்லை" என்ற படத்தை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். கே.பாலசந்தர் எடுத்தது. ஜெமினி கணேசன் தாமே பணம் போட்டு, தாமே பல வேஷங் கட்டி நடித்தார். இதற்கு மூலம் மராட்டியத்தில் ஆச்சார்ய அத்ரே எழுதி 1962இல் மேடையேறிய நாடகம். அதுவும் வெறுங் கற்பனையன்று. பல பெயர் சொல்லிப் பல பெண்களை மணந்து ஏய்த்த ஒருவன்மீது வாஸ்தவமாகவே நடந்த வழக்கை வைத்து எழுதப்பட்டது.

நாம் சிறுவனாயிருந்தபோது, கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து இப்படத்தைப் பார்த்தோம். கூண்டில் ஒருவன் நிற்கிறான். ஒருவர் பின் ஒருவராக வந்து, இவன்தான் என்னை ஏய்த்தவன் என்கிறார்கள். அவனோ, அது நானில்லை என்று கொஞ்சங்கூடக் கூசாமல் சாதிக்கிறான். ஒருத்தியிடம் அவன் கிருஷ்ண அவதாரமாகவே போய்ச் சேர்ந்தவன்! அந்தக் கட்டத்தில் கொட்டகையே சிரித்தது. பக்கத்திலிருந்த நம் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "சாமின்னு சொல்லிக்கிட்டு வந்தா எவதாண்டா கதவெத் தொறக்காம இருப்பா?" என்று கேட்டார். அத்தை கைநாட்டு. நாம் பிற்காலத்தில் தேடித் தேடிப் படித்த புத்தகங்களில் அநேகம் அந்த ஒரு கேள்விக்குமேல் போகவில்லை.

அதே படத்தை 2007இல் செல்வா என்ற டைரக்டர் ஜீவனைக் கொண்டு மறுபடி எடுத்தார். ஆவலாய்ப் போனோம். ஜீவன் நடிப்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஏமாந்த பெண்களின் துயரம் எங்கே? ஆட்டத்திற்கும் உடைக்குமே அவர்கள் வந்து போகிறார்கள். "ராதா காதல் வராதா" என்ற பழைய பாட்டையும் விட்டு வைக்கவில்லை. தாளத்தைக் கூட்டிக் குலுக்கி விட்டார்கள். பழைய படம் "இவள் எப்படி நம்பினாள்?" என்று கேட்க வைத்தது. புதிய படத்தில் நமக்கு முன்வரிசையிலிருந்த பையன்கள் "ஆகா, யோகக்காரன்!" என்று விசில் அடித்தார்கள். பழையதற்குப் பரிசு கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. புதியதற்கு வசூல் கிடைத்து, 2009இல் இரண்டாம் பாகமும் வந்தது. படமெடுத்தவர்களை மட்டும் நோவானேன்? டிக்கட்டு வாங்கியவர்கள் நாம்தானே!

இதில் நமக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நம் உறவிலேயே ஒரு பெண்ணை ஒருவன் கோயில் வாசலில் மாலை மாற்றிக் கூட்டிப் போனான். எட்டு மாதம் கழித்துப் பஞ்சாயத்தில் நின்று, "நான் இவளைக் கட்டவேயில்லை" என்றான். சாட்சி யார் என்று கேட்டார்கள். சாமிதான் சாட்சி என்றாள் அவள். சாமி வரவில்லை. அர்ச்சகர் வந்தார், தமக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துப் பிழைக்கிறாள்.

புரோகிதரில்லாத மணம் செல்லும் என்று 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் சட்டம் செய்தார்கள். நம்மவர்களும் அப்படி மணம் செய்துகொண்டு மார் தட்டுகிறார்கள். கையெழுத்தை மாத்திரம் மறந்து விடுகிறார்கள்! எந்த மதத்தாராயினும், எந்த முறையில் நடந்ததாயினும் மணத்தைப் பதிவு செய்தே தீரவேண்டுமென்று 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. மணமான 90 நாளுக்குள் செய்ய வேண்டும். இங்கே கூடியிருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் செய்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, எண்ணி விட்டோம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சி போட்டு இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.