வாளிக்குள் பிடித்த காற்று
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் நீடாமங்கலத்துக்காரன். ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். எங்கள் ஊர் ரயில்வே கேட் கணக்கில் ஐந்து நிமிடம் என்றால் அரை மணி. பயப்படாதீர்கள், சுருக்கிக்கொள்கிறேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு ரசாயன ஆலையில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். ராத்திரி ஷிப்டில் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரை நிறுத்திவிடுவார்கள், கரண்ட் மிச்சமாம். காலையில் லாக்புக்கில் 'இயங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்தான். பதினோரு மாதம் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அம்மா கேட்டுக்கு வந்து, "தம்பி, ராத்திரியில கண்ணு எரியுது, புள்ளைக்கு மூச்சு முட்டுது"ன்னு சொன்னாங்க. "மீட்டர்ல எல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன். பொய்.

அந்த வேலையை விட்ட பிறகுதான் கடலூர் விஷயத்தைப் படித்தேன். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்க்காரர்கள் 2004-இல் தாங்களே கண்காணிப்புக் குழு அமைத்து, காற்றை வாளியில் பிடித்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு எண்ணெய் ஆலை அருகே வசித்தவர்களுக்காக 1995-இல் உருவான கருவி அது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே காலிப் பை, பையின் குழாய் வெளியே. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சினால் அழுத்தம் குறையும். வெளிக்காற்று தானாகப் பைக்குள் புகுந்து நிறையும். பம்பின் அழுக்கு சாம்பிளில் ஒட்டாது. எவ்வளவு எளிமை பாருங்கள்! நாற்றம் வரும் அந்த நிமிடத்திலேயே பிடித்துவிடலாம். அதிகாரி வரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

சோதனையில் 22 நச்சு ரசாயனங்கள், அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று வந்தது. பிறகு நாக்பூர் நீரி நிறுவனமும் ஆராய்ந்து, அங்கு வசிப்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு என்றது. இது நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல, காற்றில் இருந்த அளவை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மிக மோசமாக மாசுபட்ட 43 இடங்களின் பட்டியலில் கடலூரும் இருந்தது.

நீடாமங்கலத்தில் சிப்காட் இல்லையே என்பீர்கள். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற தண்ணீர் எத்தனை வயல்களின் மருந்தைச் சுமந்து போகிறது! எங்கள் தாத்தா பி.எச்.சி. பவுடரைக் கையாலேயே வீசியவர். அதிலுள்ள லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. அவர் போனது வயிற்றுப் புற்றுநோயில். அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஊரில் யாரிடமும் ஒரு பதிவு இல்லை.

மீத்தேன் திட்டத்தை எதிர்த்து இதே டெல்டா மக்கள் தெருவில் நின்றார்கள். 2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கூடி நிற்க நமக்குத் தெரியும். உட்கார்ந்து அளந்து எழுதத்தான் சோம்பல்.

பத்துக் கிணறுகளில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். எந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து அடித்தார் என்பதை, அவர்கள் சம்மதித்தால், எழுதி வைக்க வேண்டும். வேதியியல் துறை நண்பர்கள் கை கொடுங்கள். நோட்டு வாங்கிவிட்டேன், சாப்பாட்டுக்குப் பிறகு பந்தல் வாசலில் இருப்பேன், பேர் கொடுப்பவர்கள் வாருங்கள். இந்த லாக்புக்கிலாவது உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட ஆசைப்படுகிறேன்.