முதற்பருவமும் தீபாவளி விடுமுறையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த காலப் பணிகளைப் பாராட்டிப் பேசுதல் மரபு. அதனை நமக்கு முன் பேசியோர் செவ்வனே செய்துள்ளனர். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த நம் பிள்ளைகள், தீபாவளி விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக வருகின்ற ஆறேழு வாரங்களை எவ்வாறு கடக்கின்றனர் என்பதே அப்பொருள். சிறிய பொருளாயினும், ஒரு பிள்ளை பட்டதாரியாவதும் இடையில் நின்றுபோவதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் முடிவாகின்றன.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் தோன்றியது. இன்று அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் ஆகிய ஊர்களிலும் அரசு கல்லூரிகள் உள்ளன. கல்லூரி வாசல் நமக்கு அருகில் வந்துவிட்டது. ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடே, மாநிலத்திலேயே கடைசி இடம். ஆதலின் கல்லூரியில் நுழையும் நம் பிள்ளைகளிற் பலர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவர்கள். பருவத் தேர்வு என்றால் என்ன, அக மதிப்பெண் என்றால் என்ன, அரியர் என்றால் என்ன என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

பள்ளியில் ஆண்டு முழுவதும் ஒரே தேர்வை நோக்கிப் பாடம் நடக்கும். வராத மாணவனைத் தேடி ஆசிரியர் வீட்டிற்கே ஆள் அனுப்புவார். கல்லூரியில் அவ்வாறு இல்லை. முதலாமாண்டு வகுப்புகள் ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தொடங்குகின்றன. இடம் மாறிச் சேர்வோரும் கலந்தாய்வில் தாமதித்து வருவோருமாக ஒரு மாதம் கழிந்துவிடும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பாடம் விரையும். தமிழ் வழியிற் படித்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடநூல் மலையாகத் தெரியும். ஆயுத பூசை கழிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து குவியும். இரண்டாம் உள்தேர்வு, ஒப்படைப்புக் கட்டுரைகள், வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய கருத்தரங்கு, செய்முறை ஏடு, நான் முதல்வன் பாடம், மாதிரித் தேர்வு, தேர்வுக் கட்டணம், உதவித்தொகை விண்ணப்பம் ஆகிய அனைத்தும் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குள் முடிய வேண்டும். வானமோ வடகிழக்குப் பருவமழையைப் பொழியும். பென்னாகரத்திற்கு அப்பாலிருந்து ஒரே பேருந்தை நம்பி வரும் மாணவன், நனைந்த ஏட்டுடன் முதல் மணி தவறி வகுப்பு வாயிலில் நிற்பான். இதற்கிடையில் தீபாவளி வரும்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு பருவத்தில் 90 வேலை நாட்கள் என்று கொண்டால், தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காட்டு வருகைக்கு 68 நாட்கள் வந்தாக வேண்டும். ஆகவே முழுப் பருவத்திற்கும் 22 நாட்களே தவறலாம். காய்ச்சலுக்கு நான்கு நாள், உறவினர் சாவிற்கும் திருமணத்திற்கும் ஐந்து நாள், மழைக்கு மூன்று நாள் எனப் பன்னிரண்டு நாட்கள் போய்விட்டால் மிச்சம் பத்து நாட்களே. தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறை விட்டால், முன்னே ஐந்து நாளும் பின்னே பத்து நாளும் சேர்த்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகின்றது.

மதிப்பெண்ணும் அவ்வாறே. நம் பகுதிக் கல்லூரிகளில் ஒரு பாடத்திற்கு அக மதிப்பெண் 25, பருவத் தேர்வு மதிப்பெண் 75, தேர்ச்சிக்கு 40 என்பதே பொதுவான முறை. உள்தேர்வுகளை ஒழுங்காக எழுதி, ஒப்படைப்பை நாளுக்குள் கொடுத்து 15 வாங்கியவன் பெருந்தேர்வுக்கு அச்சமின்றிச் செல்வான். அவற்றை விட்டுவிட்டு 3 வாங்கியவன் பெருந்தேர்வில் 37 எடுத்தாக வேண்டும். இவ்விருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவின் வேறுபாடன்று. அக்டோபர் மாதத்தில் கல்லூரியில் இருந்தவன், இல்லாதவன் என்ற வேறுபாடே.

இனி விடுமுறையைப் பற்றிக் கூறுவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நம் கையால் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவனை, ஏழு மாதம் கழித்துப் பொங்கல் நாளில் பெங்களூரிலிருந்து வந்திறங்கும் கட்டடத் தொழிலாளருள் ஒருவனாகக் காண்கின்றோம். “கல்லூரி என்னவாயிற்று?” என்று கேட்டால், “தீபாவளிக்கு வந்தேன் ஐயா, அப்படியே நின்றுவிட்டது” என்கின்றான். இப்பதிலை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். படிப்பை விடுவேன் என்று ஒருவனும் முடிவு செய்து வெளியேறுவதில்லை. விடுமுறைக்கு வருகிறான்; திரும்பிப் போகாமல் இருந்துவிடுகிறான்.

ஏன் திரும்பிப் போவதில்லை? பண்டிகை வரும்போது துணிமணி, பலகாரம், உறவினர் வரவு என்று செலவு வரும். கையில் பணமிராது. அவ்வேளையில் மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். பெங்களூர்க் கட்டட வேலைக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், செங்கற்சூளைக்கும் ஆள் சேர்ப்பது பண்டிகையை ஒட்டியே. தந்தை முன்பணம் வாங்குகிறார். பண்டிகை முடிந்ததும் மேஸ்திரி ஆள் கேட்கிறார். “இரண்டு வாரம் நீயும் வந்து கடனை அடை, பிறகு கல்லூரிக்குப் போ” என்று தந்தை சொல்கிறார். அந்த இரண்டு வாரமே நாம் மேலே கணக்கிட்ட பத்து நாட்கள். வருகை குறைகிறது, உள்தேர்வு தவறுகிறது, தேர்வுக் கட்டணம் கட்டும் நாளும் கடந்துவிடுகிறது. பிறகு ஆசிரியர் முகத்தில் விழிக்க நாணம். நாணத்தினால் மேலும் ஒரு வாரம். தந்தை கெட்டவர் அல்லர். பிள்ளையும் சோம்பேறி அல்லன். வறுமையும் அறியாமையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருகின்றன. உழைப்பு இழிவன்று, உழைத்தே நம் முன்னோர் நம்மை வளர்த்தனர். ஆனால் நவம்பர் மாதக் கூலி, மூன்றாண்டுப் படிப்பை விலையாகக் கேட்கின்றது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

மாணவியர் நிலை இன்னும் கடினமானது. விடுமுறையில் உறவினர் கூடும் வீட்டில், வயது வந்த பெண்ணைக் கண்டதும் திருமணப் பேச்சு தொடங்குகிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணின் திருமணம் குற்றமாகும். முதலாமாண்டு மாணவியருள் பலர் அவ்வயதை எட்டாதவர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மகள் பட்டம் பெறும் வரை பேச்சையே எடுக்க வேண்டா என்று தாய் ஒரு சொல் சொல்லிவிட்டால், உறவினர் வாய் அடங்கிவிடும். அச்சொல்லைச் சொல்லும் துணிவைத் தாய்மார்களிடம் இந்த மேடையிலிருந்து வேண்டிக்கொள்கின்றோம்.

திரும்பிச் செல்லுதல் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டியதில்லை. 1912-இல் பம்பாயில் பட்டம் பெற்று, பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகம் சென்றார். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டமையால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அப்போதும் அவர் வாளா திரும்பவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடர்வதற்கு அனுமதி பெற்றுக்கொண்டே புறப்பட்டார். பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியராகி ஊதியத்தைச் சிக்கனமாகச் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராசரும், நண்பர் நவல் பத்தேனாவும் துணை நின்றனர். 1920-இல் இலண்டனுக்குத் திரும்பிச் சென்றார், 1921-இல் எம்.எஸ்சி. பட்டமும், 1923-இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். நின்ற படிப்பை நின்றபடியே விடாத அந்த உறுதியைத்தான் நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். உதவித்தொகை நின்றால் மாணவன் என்ன ஆவான் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர். அவர் வைசிராய் நிருவாக சபையில் உறுப்பினராக இருந்த 1944-இல்தான் தாழ்த்தப்பட்டோர்க்கான மேற்கல்வி உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பிள்ளை நிரப்பும் விண்ணப்பத்தின் வேர் அங்கே இருக்கின்றது. அதனை நாள் கடத்தி நிரப்புவது நமக்குத் தகுமா?

இம்மண்ணின் துயரம் ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2012 நவம்பர் 7-ஆம் நாள், தீபாவளிக்கு ஆறு நாட்களே இருக்கையில், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. தானியமும் துணியும் மட்டுமா எரிந்தன? பிள்ளைகளின் பாடநூல்களும் சான்றிதழ்களும் சாம்பலாயின. பருவத் தேர்வு வரும் வாரங்களில் அவர்கள் இழந்தது எத்தகையது என்பதை மாணவர்கள் அறிவர். அந்நிகழ்ச்சியை நாம் பகை வளர்க்க நினைவூட்டவில்லை. வீடு எரிந்தாலும், வெள்ளம் வந்தாலும் நம் சான்றிதழ் அழியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம். மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றின் படிகளை 2015-இல் நடைமுறைக்கு வந்த டிஜிலாக்கரிலும், உறவினர் ஒருவர் வீட்டிலும் வைத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குச் சில சொற்கள். ஒன்று, ஒரு தாளில் பருவத்தின் நாட்காட்டியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உள்தேர்வு நாள், ஒப்படைப்பு நாள், கட்டணம் கட்டும் கடைசி நாள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டு, வராத நாட்களை நீங்களே எண்ணி வாருங்கள். துறையில் சொல்லும் வரை காத்திராதீர்கள். மூன்று, விளங்காததைக் கேட்க நாணாதீர்கள். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கினால் நம் சமூகத்து மூத்த மாணவரிடம் கேளுங்கள். பழைய வினாத்தாள்களை வாங்கி எழுதிப் பாருங்கள். நான்கு, உதவித்தொகைக்கும், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் முதலிய திட்டங்களுக்கும் உரிய வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றை அக்டோபருக்குள் சரிபார்த்துவிடுங்கள். ஐந்து, தீபாவளிக்கு ஊர் வரும்போது பாடநூலையும் எடுத்து வாருங்கள். திரும்பும் நாளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் அஞ்ச வேண்டா. அரியரை அடுத்த பருவத்தில் எழுதலாம். கைவிட்ட படிப்பை எளிதில் எழுத முடியாது.

பெற்றோர்களே! பிள்ளையின் உழைப்பைக் கணக்கில் வைத்துப் பண்டிகைக்கு முன்பணம் வாங்காதீர்கள். வேலைக்கு அனுப்பியே தீர வேண்டிய நிலையிருந்தால், பருவத் தேர்வு முடிந்தபின் கிடைக்கும் விடுமுறையில் அனுப்புங்கள். கேழ்வரகு அறுவடைக்கு அவன் வரவில்லையே என்று வருந்தாதீர்கள்.

சங்கத்தாரிடம் இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கின்றோம், அது நன்று. அதனினும் நன்று, ஒவ்வோர் ஊரிலும் முதலாமாண்டு மாணவர் பட்டியலை ஆயுத பூசைக்குள் எடுத்து, ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது. தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை அவர் ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று, “பிள்ளை கல்லூரிக்குப் போயிற்றா?” என்று கேட்க வேண்டும். போகவில்லையெனில் காரணம் அறிய வேண்டும். தேர்வுக் கட்டணமோ பேருந்துச் செலவோ காரணமாயின், வட்டியின்றிக் கொடுத்துத் திரும்பப் பெறும் சிறுநிதி ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரியின் முன்பணத்தைவிட நம் சங்கத்தின் சிறுநிதி முந்திச் செல்ல வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமைக் காலை வீடு வீடாகச் செல்லும் கால்களே வேண்டும். அக்கால்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் உள்ளன. இவ்வாண்டே தொடங்குங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.